பைத்தானின் சாக்ஸ் பார்சர்: டேகுகளுக்கு நடுவில் உள்ள உரை முழுதாகக் கைக்கு வருகிறதா?

பைத்தானை நிறுவும்போதே கூட வந்துவிடும் எக்ஸ்எம்எல் சாக்ஸ் தொகுப்பும் அதன் அடியில் ஓடும் எக்ஸ்பேட் பார்சரும்தான் இங்கே மதிப்புரைக்கு எடுத்துக்கொண்டவை. டேகுகளால் குறித்த எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்துப் பிரிக்கும் நிரல்தான் பார்சர். எல்லா வசதிகளையும் அலசப்போவதில்லை. டேகைத் திறந்து மூடுவதை எந்தப் பார்சரும் ஒழுங்காகச் சொல்லிவிடும். திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில் இருக்கும் எழுத்தை எப்படிக் கையில் தருகிறது என்பதில்தான் நிகழ்வு வழிப் பார்சர்களின் (கோப்பைப் படிக்கப் படிக்கவே, கண்டதை ஒவ்வோர் அழைப்பாக நம் நிரலுக்குச் சொல்பவை) தரம் தெரியும். நிரல் எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவதும் அங்கேதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேகம் நன்று. நினைவகச் செலவு மிகக் குறைவு. உரையில் ஓர் எழுத்தைக்கூடத் தொலைப்பதில்லை, ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் உரையைத் துண்டு துண்டாகத்தான் தருகிறது. அந்த உண்மையைச் சிறிய கோப்புகளில் மறைத்தும் விடுகிறது. இந்த மறைப்புதான் இதன் பெரிய குறை. பத்து வரிக் கோப்பில் சோதித்துப் பார்த்துச் சரி என்று விட்ட நிரல், பெரிய கோப்பில் எங்கோ ஒரு தலைப்பின் முன்பாதியை விழுங்கும், பிழைச் செய்தி எதுவும் வராது.

துண்டாகத் தருவது பைத்தானின் தவறு இல்லை. டேவிட் மெகின்சன் முன்நின்று 1998இல் வெளிவந்த சாக்ஸ் வரையறையே, தொடர்ச்சியான உரையை ஒரே துண்டாகவும் தரலாம், பல துண்டுகளாகவும் தரலாம் என்று பார்சருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. 2000இல் வந்த சாக்ஸ் 2 அதை மாற்றவில்லை. ஜேம்ஸ் கிளார்க் சி மொழியில் எழுதிய எக்ஸ்பேட்டும் 1998இல் இருந்து இருப்பதுதான், அதன் ஆவணமும் இதையே சொல்கிறது. காரணம் எளிது. கோப்பின் ஒரு பகுதி மட்டுமே நினைவகத்தில் இருக்கும். உரை எங்கே முடியும் என்று பார்சருக்குத் தெரியாது. முடியும் வரை காத்திருந்தால் நினைவகம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு வரம்பே இருக்காது.

எக்ஸ்பேட் எங்கெங்கே வெட்டுகிறது?

பைத்தானின் பூச்சு எதுவும் இல்லாமல் எக்ஸ்பேட்டை நேரடியாகப் பயன்படுத்தினால் நான்கு இடங்களில் வெட்டு விழும். ஒன்று, வரி முடிவு. ஒவ்வொரு வரியும் ஓர் அழைப்பு, வரி முடிவுக் குறி மட்டும் தனியாக இன்னோர் அழைப்பு. ஆயிரம் வரி உள்ள உரைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் அழைப்புகள். இரண்டு, என்டிட்டியும் (எழுத்துக்கோ உரைக்கோ பதிலாக நிற்கும் பெயர்) எண் வழிக் குறியீடும் (எழுத்துக்குப் பதிலாக நிற்கும் எண்). மூன்று, நாம் ஊட்டும் தரவுத் தொகுதியின் விளிம்பு. நான்கு, குறியாக்கம் மாற்ற வேண்டியிருக்கும்போது. மூலம் யூடிஎஃப்-16ஆக இருந்தால் எக்ஸ்பேட் 1024 பைட் கொண்ட உள் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) மாற்றி மாற்றித்தான் வெளியே அனுப்பும். மூலம் யூடிஎஃப்-8 ஆனால் அந்த வெட்டு இல்லை.

இந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

<இடம்>சென்னை &#38; மதுரை</இடம்>

இதற்கு மூன்று அழைப்புகள் வரும். முதலில் "சென்னை" என்ற சொல்லும் அதன் பின்னால் ஓர் இடைவெளியும், அடுத்து "&" மட்டும், கடைசியில் ஓர் இடைவெளியும் "மதுரை"யும். ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்ட்ரிப் (முன்பின் வெற்றிடத்தை நீக்கும் கட்டளை) போடும் வழக்கம் பலருக்கு உண்டு. போட்டால் கிடைப்பது "சென்னை&மதுரை". துண்டு வந்தவுடன் மாறியில் ஏற்றிவைப்பவர்களுக்கு "மதுரை" மட்டும் மிஞ்சும், ஏனென்றால் கடைசித் துண்டு முன்னிரண்டையும் அழித்துவிடும். முதல் துண்டு வந்ததும் ஒரு கொடியைப் போட்டு "வாங்கியாயிற்று" என்று குறித்துக்கொள்பவர்களுக்கு "சென்னை" மட்டும். மூன்றுமே ஒரே நோய்: உரைத் துண்டைக் கொண்டுவரும் கேரக்டர்ஸ் அழைப்பை "உரை வந்துவிட்டது" என்று படிப்பது. அதற்குப் பொருள் "உரையில் கொஞ்சம் வந்திருக்கிறது" என்பது மட்டுமே.

பைத்தான் மேலே போடும் பூச்சு

எக்ஸ்பேட்டின் பைத்தான் இணைப்பில் பஃபர்_டெக்ஸ்ட் என்றொரு பண்பு இருக்கிறது. அதை இயக்கினால் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துவைத்து ஒன்றாகத் தரும். நேரடி இணைப்பில் அது இயல்பாக அணைந்திருக்கும். சாக்ஸ் தொகுப்போ தன் பார்சரை உருவாக்கும்போதே அதை இயக்கிவிடுகிறது. ஆகவே மேலே காட்டிய சென்னை, மதுரை வரியைச் சாக்ஸ் வழியாகப் படித்தால் ஒரே அழைப்பில் முழுதாக வரும். வேகத்துக்கு இது பெரும் உதவி, ஏனென்றால் சி பக்கத்திலிருந்து பைத்தான் பக்கத்துக்குத் தாவும் ஒவ்வோர் அழைப்புக்கும் செலவு உண்டு. ஆனால் இதைப் பார்த்துவிட்டு "முழுதாகத்தானே வருகிறது" என்று நம்பிவிடுகிறார்கள். வராது. அந்தச் சேமிப்பு உடையும் இடங்கள் மூன்று.

முதலாவது கொள்ளளவு. பஃபர் 8192 பைட். புதுத் துண்டு அதில் கொள்ளாது என்றால் இருப்பதை வெளியே தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். அதனால் ஏறத்தாழ 2,730 குறிகளைத் தாண்டிய, வரி பிரித்து எழுதப்பட்ட எந்தத் தமிழ் உரையும் பிளந்துதான் வரும். ஆங்கில உரையானால் 8,192 எழுத்து வரை ஒன்றாக வந்திருக்கும். ஆங்கில மாதிரியில் சோதித்த நிரல் தமிழ்த் தரவில் முன்னதாகவே தடுக்கி விழுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வரி முடிவோ என்டிட்டியோ இல்லாத ஒரே ஓட்டம் 8192 பைட்டுக்கு மேல் இருந்தால் அது பஃபருக்குள் போகாமல் நேராகக் கைக்கு வந்துவிடும். ஆக, துண்டின் நீளம் 8192ஐத் தாண்டாது என்று எண்ணுவதும் தவறு.

இரண்டாவது ஊட்டல் விளிம்பு. சாக்ஸ் தொகுப்பு கோப்பை 65,516 பைட் தொகுதிகளாகப் படிக்கிறது (65,536இல் 20 குறைவு). ஒவ்வொரு தொகுதியையும் பார்சருக்கு ஊட்டி முடித்தவுடன் பஃபரில் இருப்பது எதுவானாலும் வெளியே தள்ளப்படும், அது ஐந்தெழுத்துத் தலைப்பின் பாதியாக இருந்தாலும் சரி. பெரிய கோப்பில் மட்டும் எட்டிப்பார்க்கும் பிழைகளுக்கு வேர் இதுதான். 1 ஜிபி கோப்பில் இப்படி 15,000க்கும் மேற்பட்ட விளிம்புகள் வரும். பெரும்பாலானவை நீண்ட உரையின் நடுவில் விழும், சில தலைப்பின் நடுவில், தேதியின் நடுவில், எண்ணின் நடுவில் விழும். எண் 48213 என்பது 48 என்றும் 213 என்றும் வந்து, நிரல் 213ஐ மட்டும் எடுத்துக்கொண்டால், அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அது ஒழுங்கான எண்ணாகத்தானே இருக்கிறது! சரத்திலிருந்து பார்ஸ் செய்யும் வசதியைப் பயன்படுத்தினாலும் தப்ப முடியாது, அதுவும் உள்ளே இதே தொகுதி முறையில்தான் படிக்கிறது.

மூன்றாவது, நடுவில் குறுக்கிடும் நிகழ்வுகள். டேக் திறப்பும் மூடலும் பஃபரைக் காலி செய்யும், அது நியாயம். குறிப்புரைக்கும் சிடேட்டா (டேக் குறிகளையும் வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும் பகுதி) எல்லைக்கும் ஹேண்ட்லர் (நிகழ்வை வாங்கிச் செயல்படும் நம் நிரல் பகுதி) போட்டிருந்தால் அவையும் காலி செய்யும், போடாவிட்டால் செய்யாது. இதை வைத்து ஒரு வேடிக்கையான பிழை வரும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரலில் குறிப்புரைகளை எண்ணுவதற்கென்று லெக்ஸிகல் ஹேண்ட்லர் ஒன்றை யாரோ சேர்ப்பார். சம்பந்தமே இல்லாத உரைப் பகுதி உடையும்.

தமிழுக்கென்று உள்ள சிக்கல்

65,516 மூன்றால் வகுபடாது. அதனால் தொகுதியின் விளிம்பு தமிழ்க் குறி ஒன்றின் 3 பைட்டுகளுக்கு நடுவிலேயே விழக்கூடும். இதில் எக்ஸ்பேட்டை முழு மனதோடு பாராட்ட வேண்டும். முழுமை பெறாத பைட்டுகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, மீதி வந்தபின்தான் அந்தக் குறியை வெளியே விடும். உடைந்த பைட், கேள்விக்குறிக் கட்டம் எதுவும் எழாது. பைட்டுகளைத் தாமே படித்துத் துண்டு துண்டாகச் சரமாக மாற்றிப் பார்சருக்குக் கொடுப்பவர்கள்தான் இந்த இடத்தில் கெடுத்துக்கொள்கிறார்கள். கோப்பைப் பைட் முறையில் திறந்து அப்படியே பார்சரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் எக்ஸ்பேட் காப்பது குறியை மட்டும்தான், நாம் எழுத்து என்று எண்ணுவதை இல்லை. "கொ" என்பது ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டு குறிகள். "க்ஷ" மூன்று குறிகள். விளிம்பு இவற்றின் நடுவில் விழலாம். ஒரு துண்டு "க" என்று முடிய, அடுத்தது வெறும் உயிர்க்குறியோடு தொடங்கும். துண்டு துண்டாகவே எழுத்துகளை எண்ணினாலோ, சொல் பிரித்தாலோ கணக்கு தப்பும்.

இதைவிட ஆழமானது ஒருங்குறி இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியிருந்தால் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. ஒகரக் குறியைச் சில பழைய கருவிகள் ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாக எழுதியிருக்கும். என்எஃப்சி என்ற வகை இயல்பாக்கம் அந்த இரண்டையும் ஒரே குறியாகச் சேர்த்துவிடும். கொம்பு ஒரு துண்டிலும் கால் அடுத்த துண்டிலும் வந்து, துண்டுக்கு ஒருமுறை இயல்பாக்கம் செய்தால் சேர்க்கை நடக்காது. பின்னால் ஒட்டினால் திரையில் "கொ" சரியாகவே தெரியும். தேடினால் மட்டும் அகப்படாது. எனவே ஸ்ட்ரிப், இயல்பாக்கம், வடிவத் தேடல், எண்ணாக மாற்றுதல் எதையுமே கேரக்டர்ஸுக்குள் செய்யக்கூடாது. ஒட்டி முடித்தபின் ஒரே ஒருமுறை செய்ய வேண்டும்.

சரியான அமைப்பு

கேரக்டர்ஸுக்குள் இருக்க வேண்டியது ஒரு நிபந்தனையும் ஒரு சேர்ப்பும் மட்டும். ஹேண்ட்லரில் இரண்டு பட்டியல்கள் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று இப்போது எந்த எலிமென்ட்டுக்குள் (திறக்கும் டேக் முதல் மூடும் டேக் வரை உள்ள பகுதி) இருக்கிறோம் என்ற பாதை, மற்றொன்று துண்டுகள். துண்டுப் பட்டியல் தொடக்கத்தில் வெறுமை, அதாவது பைத்தானின் நன் (None) மதிப்பு. டேக் திறக்கும்போது பெயரைப் பாதையில் சேருங்கள். பாதை நமக்கு வேண்டியதோடு ஒத்தால் துண்டுப் பட்டியலைப் புதிதாகத் திறங்கள். கேரக்டர்ஸ் வரும்போது பட்டியல் திறந்திருந்தால் அதில் சேருங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள். டேக் மூடும்போது பாதையை ஒப்பிட்டு, வேண்டியதுதான் என்றால் வெற்றுச் சரத்தைக் கொண்டு ஜாயின் செய்து, பட்டியலை மறுபடி நன் ஆக்கி, அதற்குப் பிறகு பாதையிலிருந்து பெயரை எடுங்கள். ஒப்பிடும் முன்பே பெயரை எடுத்துவிட்டால் எதுவும் பொருந்தாது.

பட்டியலுக்குப் பதில் சரத்தோடு கூட்டல் குறியால் ஒட்டிக்கொண்டே போவது சிறிய உரைக்குப் பரவாயில்லை. ஆனால் பொருளின் பண்பாக இருக்கும் சரத்தில் ஒட்டினால், உள்ளூர் மாறிக்குப் பைத்தான் தரும் விரைவு வழி அங்கே கிடைக்காது. ஒவ்வோர் ஒட்டலும் இதுவரை சேர்ந்தது முழுவதையும் நகலெடுக்கும். சில எம்பி நீள உரையில் இதன் தாமதம் வெளிப்படையாகத் தெரியும்.

மேலே சொன்ன அமைப்பு, உரைக்குள் வேறு டேக் வராத தரவுக்குப் போதும். உரையும் டேகும் கலந்து வரும் டிஇஐ, டாக்புக் போன்ற ஆவணங்களில் போதாது:

<வரி>அவர் <அழுத்தம்>நேற்றே</அழுத்தம்> வந்தார்</வரி>

ஒவ்வொரு டேக் திறப்பிலும் பட்டியலை வெறுமையாக்கும் நிரல் இங்கே "அவர்" என்பதைத் தொலைக்கும். இதற்குப் பட்டியல்களின் அடுக்கு வேண்டும். திறக்கும்போது புதுப் பட்டியல் ஒன்றை மேலே வையுங்கள். உரையை எப்போதும் மேலே இருக்கும் பட்டியலில் சேருங்கள். மூடும்போது மேல்பட்டியலை எடுத்து ஒட்டி, அந்த உரை தாய் எலிமென்ட்டுக்கும் வேண்டும் என்றால் அதன் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். சாக்ஸில் இதை எல்லாம் நாமே கட்ட வேண்டும். கலப்பு உரை நிறைந்த ஆவணங்களுக்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுவே.

தமிழ் விக்கிப்பீடியா டம்ப் கோப்பில் வைத்துப் பார்த்தால்

இந்தப் பார்சரின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிவது கட்டுரைகளை மொத்தமாக அடக்கி விக்கிமீடியா வெளியிடும் டம்ப் கோப்பில். பிசட்2 சுருக்கத்தைப் பிரித்து வைக்கக்கூடத் தேவையில்லை. பைத்தானின் பிசட்2 தொகுப்பால் பைட் முறையில் திறந்து அந்தப் பொருளையே பார்சருக்குக் கொடுத்தால் ஓடும். பல சுருக்க ஓட்டங்களை ஒட்டிய மல்டிஸ்ட்ரீம் கோப்பும் படிக்கும். ஒரு கட்டுரை அளவுக்கு மேல் நினைவகத்தில் எதுவும் தங்குவதில்லை. இந்த வேலைக்குச் சாக்ஸ் கச்சிதமாகப் பொருந்துகிறது.

கவனிக்க வேண்டியவை சில. ஒவ்வொரு பேஜ் எலிமென்ட்டுக்குள்ளும் ஐடி என்ற பெயரில் மூன்று எலிமென்ட்டுகள் வரலாம்: பக்கத்துக்கு ஒன்று, திருத்தத்துக்கு ஒன்று, திருத்தியவருக்கு ஒன்று. பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் பக்க எண் என்று நினைத்தது திருத்தியவரின் எண்ணாக இருக்கும். பாதை அடுக்கு கட்டாயம் என்பது இதனால்தான். அடுத்து, விக்கி உரையில் உள்ள கோணக் குறிகளும் மேற்கோள் குறிகளும் என்டிட்டிகளாக மாற்றப்பட்டிருக்கும். மேற்கோள் நிறைந்த கட்டுரையில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கும். பஃபர்_டெக்ஸ்ட் இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொன்றும் ஒரு தனித்துண்டு.

விக்கி உரைக்குள்ளேயே ஆசிரியர்கள் எழுதும் உடையா இடைவெளி என்டிட்டி (&nbsp;) இன்னொரு சிக்கல். டம்பில் அதன் முன்னால் உள்ள "&" குறி மறுபடி என்டிட்டி ஆக்கப்பட்டிருக்கும். பார்சர் ஒரு சுற்று அவிழ்த்துத் தரும்போது விக்கி உரையில் இருந்த அதே என்டிட்டி எழுத்தாகக் கிடைக்கும். அது சரியான நடத்தைதான், இரண்டாம் சுற்று நம் பொறுப்பு. ஆனால் அதையும் ஒட்டியபின்தான் செய்ய வேண்டும். "&" ஒரு துண்டிலும் மீதிப் பெயர் அடுத்த துண்டிலும் வந்தால், துண்டுவாரியாக அவிழ்க்கும் நிரல் இரண்டையும் அடையாளம் காணாது.

ஒட்டியது முழுமையா என்று சரிபார்க்க டம்பிலேயே ஒரு வழி இருக்கிறது. கட்டுரை உரை எலிமென்ட்டில் பைட்ஸ் என்ற பண்பு உண்டு. ஒட்டிய சரத்தை யூடிஎஃப்-8ஆக மாற்றி அதன் நீளத்தை இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பொதுவாக ஒத்துவரும். எல்லாக் கட்டுரையிலும் சிறிது குறைந்தால் எங்கோ ஸ்ட்ரிப் ஒளிந்திருக்கிறது. நீண்ட கட்டுரைகளில் மட்டும் பெரிதாகக் குறைந்தால் கடைசித் துண்டை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள்.

வெற்றிடம், சிடேட்டா, காணாமல்போகும் என்டிட்டி

டேகுகளை அழகாக உள்தள்ளி எழுதிய கோப்பில் அந்த வரி முடிவும் இடைவெளிகளும்கூட உரையாகவே வரும். சாக்ஸில் இக்னோரபிள் ஒயிட்ஸ்பேஸ் என்று ஒரு மெத்தட் இருக்கிறதே, அது இவற்றைப் பிரித்துத் தராதா? எக்ஸ்பேட் சரிபார்க்கும் வகைப் பார்சர் இல்லை, பைத்தானின் இந்த இணைப்பு அந்த மெத்தட்டை அழைப்பதே இல்லை. வேண்டிய எலிமென்ட்டுக்குள் இருக்கும்போது மட்டும் பட்டியலைத் திறந்தால் இந்தத் தொல்லை தானாகவே நீங்கும். விண்டோஸ் பாணி வரி முடிவு எக்ஸ்எம்எல் விதிப்படி ஒரே குறியாகச் சுருங்கி வரும், அது பிழை இல்லை. ஆனால் அதே குறியை எண் வழிக் குறியீடாக எழுதியிருந்தால் சுருங்காமல் வரும்.

சிடேட்டா பகுதியும் கேரக்டர்ஸ் வழியாகத்தான் வரும். சாதாரண உரைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது, பெரும்பாலும் தெரியவும் வேண்டாம். வேண்டுமென்றால் லெக்ஸிகல் ஹேண்ட்லர் போட வேண்டும். அதற்கான அடிப்படை வகுப்பு பைத்தான் 3.10 முதல் தொகுப்பிலேயே இருக்கிறது.

இனி, முதலில் சொன்ன விதிவிலக்கு. ஆவணத்தின் அமைப்பையும் என்டிட்டிகளையும் வரையறுக்கும் வெளி டிடிடி கோப்பைச் சுட்டும் ஆவணம் ஒன்றில், எக்ஸ்எச்டிஎம்எல் பக்கத்தில் வரும் உடையா இடைவெளி போன்ற ஒரு என்டிட்டி இருக்கிறது என்று வையுங்கள். பாதுகாப்புக் கருதி பைத்தான் 3.7.1 முதல் சாக்ஸ் வெளிக் கோப்புகளை இயல்பாகப் படிப்பதில்லை. டிடிடி படிக்கப்படாததால் அந்த என்டிட்டி என்னவென்று எக்ஸ்பேட்டுக்குத் தெரியாது. டிடிடியே சுட்டப்படாத ஆவணமாக இருந்தால் அறிவிக்கப்படாத என்டிட்டி என்று பிழை எழுப்பியிருக்கும். இங்கே பிழை எழாது, ஸ்கிப்டு என்டிட்டி என்ற மெத்தட்டை அழைத்துவிட்டு நகர்ந்துவிடும். அடிப்படை வகுப்பில் அந்த மெத்தட் ஒன்றும் செய்யாது. விளைவு, இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது ஓர் எழுத்து மறைந்திருக்கும். இப்படிப்பட்ட ஆவணங்களைப் படிக்கும் எந்த ஹேண்ட்லரிலும் அந்த மெத்தட்டை எழுதிவைத்து, தெரிந்த பெயருக்கு உரிய எழுத்தைத் துண்டுப் பட்டியலில் சேருங்கள், தெரியாத பெயருக்குப் பிழை எழுப்புங்கள். இதை ஆவணத்தில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வரி எண் பற்றி ஒரு சொல். கேரக்டர்ஸுக்குள், பார்சர் நிற்கும் இடத்தைச் சொல்லும் லொக்கேட்டரிடம் வரி எண் கேட்டால், பஃபர்_டெக்ஸ்ட் இயங்கும்போது கிடைப்பது உரை தொடங்கிய இடம் இல்லை. பஃபரைக் காலி செய்யவைத்த நிகழ்வின் இடம், பெரும்பாலும் அடுத்த டேக். உரையின் தொடக்க இடம் துல்லியமாக வேண்டியவர்கள் சாக்ஸை விட்டு எக்ஸ்பேட் இணைப்பை நேராகப் பயன்படுத்தி, சேமிப்பை அணைத்துவிட வேண்டும். அந்த இணைப்பில் பஃபரின் அளவையும் மாற்றலாம். வேண்டாத எலிமென்ட்டுகளுக்குள் இருக்கும்போது உரை ஹேண்ட்லரை நன் ஆக்கி வேகமும் கூட்டலாம். சாக்ஸில் இந்த வசதிகள் வெளியே தெரியும்படி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஹேண்ட்லர் பொருளில் கேரக்டர்ஸ் மெத்தட்டை மாற்றிவைத்தாலும் பயன் இராது, பழைய மெத்தட்டைத்தான் பார்சர் பிடித்துக்கொண்டிருக்கும்.

சோதிக்கும் முறை

சிறு கோப்பில் பிழை ஒளிந்துகொள்ளும் என்பதால் வெட்டுகளை நாமே உண்டாக்க வேண்டும். பார்சரை உருவாக்கி, ஃபீட் மெத்தட்டில் ஒரே தரவை முதலில் முழுதாகவும், பிறகு 1, 2, 3, 7 பைட் தொகுதிகளாகவும் ஊட்டி, ஒவ்வொரு முறையும் இறுதியில் குளோஸ் அழையுங்கள். எல்லா விடைகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சோதனைத் தரவில் "கொ", "க்ஷ", எண் வழிக் குறியீடு, வரி முடிவு, சிடேட்டா, 8192 பைட்டைத் தாண்டும் உரை, முழுக்க வெற்றான எலிமென்ட் எல்லாம் இருக்கட்டும். வெற்று எலிமென்ட்டுக்குக் கேரக்டர்ஸ் அழைப்பே வராது என்பதால், முந்தைய எலிமென்ட்டின் உரை அதில் ஒட்டிக்கொள்ளும் பிழையும் இதிலேயே பிடிபடும்.

எக்ஸ்பேட் 2.6.0இலிருந்து ஒரு மாற்றம் உண்டு. மிக நீண்ட டோக்கனை (டேக் போன்ற ஓர் அலகை) சிறு சிறு தொகுதிகளாக ஊட்டினால் திரும்பத் திரும்ப முதலிலிருந்து படித்து நேரம் வீணாகும் பாதுகாப்புக் குறை ஒன்றைச் சரிசெய்ய, முடியாத டோக்கனை உடனே மறுபடி படிக்காமல் சற்றுத் தள்ளிப்போடுகிறது. கோப்புப் படிப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. இணையத் தொடர்பில் வரும் எக்ஸ்எம்எல் ஓட்டத்தைத் துளித் துளியாக ஊட்டுபவர்களுக்கு நிகழ்வு தாமதமாக வரலாம். அதற்குத்தான் பைத்தான் 3.13இல் ஃபிளஷ் வசதி வந்தது, 3.12.3, 3.11.9 பதிப்புகளுக்கும் அது கொண்டுசெல்லப்பட்டது.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

ஜாவாவின் சாக்ஸ் இதே வகைதான், கூடுதல் ஆபத்து ஒன்றோடு. உரையை எழுத்து வரிசையாகவும் தொடக்கம், நீளம் என்ற இரு எண்களாகவும் தரும். அந்த எல்லைக்கு வெளியே படிக்கக்கூடாது, வரிசையைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் கூடாது, உடனே நகலெடுக்க வேண்டும். ஜாவாவின் ஸ்டாக்ஸ் இதைவிட வசதி. துண்டுகளைச் சேர்த்துத் தரச்சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு, ஆனால் இயல்பாக அணைந்திருக்கும். எலிமென்ட்டின் உரையை முழுதாகக் கேட்டு வாங்கும் மெத்தட்டும் உண்டு. சி மொழித் தொகுப்பான லிப்எக்ஸ்எம்எல்2இன் சாக்ஸ் முகத்தில் ஆஸ்கி அல்லாத உரை 300 பைட் அளவுத் துண்டுகளாக வருவது வழக்கம், தமிழுக்கு அது நூறு குறி. அங்கே பிழை சீக்கிரமே கண்ணில் படும் என்பதால் அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். கோ மொழியின் தொகுப்பு உரையை ஒரு டோக்கனாகத் தரும், அதன் பைட்டுகள் அடுத்த டோக்கன் கேட்கும் வரைதான் செல்லும்.

பைத்தானுக்குள்ளேயே போட்டி எலிமென்ட்ட்ரீயின் இட்டர்பார்ஸ். அடியில் அதே எக்ஸ்பேட், ஆனால் ஒட்டும் வேலையை அதுவே செய்துவிடும். எண்ட் நிகழ்வில் டெக்ஸ்ட் பண்பு முழுமையாக இருக்கும். ஸ்டார்ட் நிகழ்வில் அதைப் படிக்கவே கூடாது. எண்ட் நிகழ்விலும் டெய்ல் பண்பு, அதாவது மூடும் டேகுக்குப் பின்னால் வரும் உரை, இன்னும் வந்திருக்காது. படித்து முடித்த எலிமென்ட்டைக் கிளியர் செய்வதோடு வேரிலிருந்தும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வெற்றுக் கூடுகள் சேர்ந்து நினைவகம் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே தேர்வு இப்படி அமையும். பதிவு பதிவாக அடுக்கிய தரவு, சில எம்பி முதல் சில நூறு எம்பி வரை, புதிதாக எழுதும் நிரல் என்றால் இட்டர்பார்ஸ் போதும், துண்டுகளைப் பற்றிய கவலையே வேண்டாம். பல ஜிபி டம்ப், ஓர் எலிமென்ட்டின் உரையே எம்பி கணக்கில் நீளம், உரை வந்துகொண்டிருக்கும்போதே வெளியே எழுதிவிட வேண்டும், அல்லது நினைவகம் மிகக் குறைந்த கருவி என்றால் சாக்ஸ். கலப்பு உரை நிறைந்த ஆவணம் என்றால் மரமாகவே ஏற்றிவிடுங்கள், அவை பெரும்பாலும் அவ்வளவு பெரியதாக இருப்பதில்லை.

பயன்படுத்தும் முன் எக்ஸ்பேட் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்புத் தொகுப்பின் எக்ஸ்பேட்_வெர்ஷன் மாறி சொல்லிவிடும். என்டிட்டிக்குள் என்டிட்டி வைத்து உரையைக் கோடி மடங்காக ஊதவைக்கும் தாக்குதலுக்கு எதிரான காப்பு 2.4.0 முதல் உள்ளேயே இருக்கிறது. வெளிவரும் அளவு 8 எம்பியைத் தாண்டியபின், பெருக்கம் 100 மடங்குக்கு மேல் போனால் பார்சர் நிறுத்திவிடும். சில லினக்ஸ் வெளியீடுகள் பதிப்பு எண்ணை மாற்றாமல் பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்ப்பதுண்டு. எண் பழையதாகத் தெரிந்தால் அந்த வெளியீட்டின் மாற்றக் குறிப்பையும் பார்த்த பிறகே, வெளியாட்கள் அனுப்பும் கோப்புகளை இதில் ஓட்டுங்கள்.